சிவப்பு எண்ணெய்க் கணக்கு

சங்ககிரியில் நிற்கும் லாரிக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் அதைப் பார்க்கப் பத்துப் பேர் குனிவார்கள். பத்துப் பேரும் பத்து இடத்தைக் காட்டுவார்கள். அதில் ஒருவராவது வண்டிக்குச் சம்பந்தமே இல்லாதவராக, வேறு வேலையாகப் பைக்கில் போய்க்கொண்டிருந்தவராக இருப்பார். மனசு கேட்காமல் ஓரங்கட்டிவிட்டு வந்திருப்பார். எங்கள் ஊரில் லாரி வைத்திருப்பவர்கள், முன்பு வைத்திருந்தவர்கள், லாரி ஓட்டுபவர்கள், லாரிக்குக் கடன் கொடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் புரள்பவர்கள் என்று நால்வகை மாந்தர் உண்டு. நால்வருக்கும் வண்டியின் கோளாறு பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மைத்துனனோடு கூட்டாக ஒரு பத்துச் சக்கர லாரி. அரசு ஊழியன் வியாபாரம் செய்யக் கூடாது என்பதால் பங்கு என் மனைவி பேரில் இருக்கிறது. கவலை மட்டும் என் பேரில். லோடு பிடிப்பது, டயர் வாங்குவது, புக்கிங் ஆபீசில் சண்டை போடுவது எல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வான். மாதத் தவணை வரும்போது மட்டும், "மாமா, கணக்கு உங்களுக்குத்தானே நல்லா வரும்" என்பான்.

எங்கள் டிரைவர் அனுபவசாலி. மாப்பிள்ளை போனை எடுக்காவிட்டால்தான் எனக்குப் போடுவார். எடுத்ததும் அவர் சொல்லும் முதல் வாக்கியம், "ஒண்ணும் பயப்பட வேண்டாமுங்க வாத்தியாரே." அப்போதிலிருந்து நான் பயப்பட ஆரம்பிப்பேன்.

"ஸ்டேரிங் டப்பாவுல ஆயில் கொறையுதுங்க. ஊத்தி ஊத்தித்தான் ஓட்டிட்டு வர்றேன். தொப்பூர் எறக்கத்துல மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியதாப் போச்சு. மத்தபடி வண்டி அருமையா இருக்குதுங்க."

தொப்பூர் கணவாயில் மல்லுக்கட்டினேன் என்று ஒரு டிரைவர் சொல்வதைக் கேட்டுவிட்டு எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதைக் கல்வித்துறை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

ஸ்டேரிங்கில் எண்ணெய் தீர்ந்தால் வண்டி திரும்பாமலே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. டிரைவர் கையிலிருந்து சக்கரம் வரைக்கும் இரும்புத் தொடர்பு அப்படியேதான் இருக்கும். உதவிக்கு வந்த ஆள் மட்டும் வேலையை விட்டுப் போய்விடுவான். முன் ஆக்சில் மேல் உட்கார்ந்திருக்கும் ஆறு, ஏழு டன்னை அதுவரை எண்ணெய் தள்ளியது. இனி டிரைவரின் தோள் தள்ள வேண்டும். பம்ப் ஓடுவது இன்ஜின் தயவில். அதனால்தான் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருள விடுபவர்கள், ஸ்டேரிங் உதவியையும் சேர்த்து அணைக்கிறார்கள். பிரேக்குக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசரும் அதோடு நின்றுபோகும். மிச்சம் பிடித்த டீசலுக்கு யார் கணக்கு எழுதுவது என்பது பிறகு தெரியும்.

வண்டி வந்து செட்டில் நின்றது. குனிபவர்கள் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்திருந்ததால் வெள்ளை வேட்டி. முன் பம்பருக்குப் பின்னால் தலையை நுழைத்து, எழுந்து பார்த்தபோது மடியில் ஒரு சொட்டு.

"நவராதீங்க வாத்தியாரே" என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் என் வேட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அதுதான் சரியான பரிசோதனை. லாரிக்கு அடியில் தரை கறுப்பாக இருக்கும். எந்த எண்ணெய் விழுந்தாலும் ஒரே நிறம்தான். வெள்ளைத் துணியில் விழுந்தால்தான் ஜாதகம் தெரியும். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையாக, தண்ணியாக இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கிரவுன் ஆயில். வெளிர் மஞ்சளாக வந்து, விழுந்த இடத்துப் பெயின்ட்டைத் தின்றால் கிளட்ச் ஆயில். எங்களுடையது சிவப்பு. ஸ்டேரிங்குக்கு ஊற்றுவது பெரும்பாலும் ஏ.டி.எஃப். என்கிற, ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான ஆயில்தான். மற்ற எண்ணெயோடு குழம்பக் கூடாது, ஒழுகினால் கண்ணில் பட வேண்டும் என்றுதான் அதில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். பழசானால் அதுவும் பழுப்பாகிவிடும். இது நேற்று ஊற்றியது, பளிச்சென்று இருந்தது.

எண்ணெய் எது என்பதில் ஊரே ஒத்துப்போனது. எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஊர் பிரிந்தது.

லாரி ஊர்களில் வேலை பிரித்துப் பிரித்து நடக்கும். பட்டை செட் கட்டுகிறவர் ரேடியேட்டரைத் தொட மாட்டார். ரேடியேட்டர்காரர் டைனமோ பக்கம் திரும்ப மாட்டார். பின்பக்கம் எழுத்து எழுதுகிறவர் முன்பக்கம் எழுத மாட்டார் என்றுகூட ஒருவர் சொன்னார்; அதை நான் நம்பவில்லை. இந்த ஏற்பாட்டில் வேலை சுத்தமாக நடக்கும். ஒரே ஒரு சங்கடம், எந்த வண்டியைப் பார்த்தாலும் அவரவருக்கு அவரவர் சாமான்தான் கெட்டுப்போயிருக்கும்.

ஸ்டேரிங் பாக்ஸ் பட்டறைக்காரர் சொட்டு விழும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "அடி சீல் போச்சுங்க. பாக்ஸ எறக்கணும்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாக்சுக்குள்ளிருந்து ஒரு ஷாஃப்ட் கீழே வெளியே வந்து டிராப் ஆர்மைப் பிடித்திருக்கும். அது வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் சீல். உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் போட்டது. வெளி உறை கிழிந்தால் சேறும் தண்ணியும் ஏறி, ஷாஃப்ட் துருப்பிடித்து, அந்தத் துரு சீலின் உதட்டை அறுத்துவிடும். எங்கள் வண்டியிலும் டிராப் ஆர்ம் நட்டிலிருந்துதான் சொட்டியது. யார் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஓஸ் கடைக்காரர் பார்த்தார். "ஓஸ் வேர்க்குதுங்க" என்றார். பம்ப் பார்ப்பவர் வண்டிக்கு அருகில்கூட வரவில்லை. இன்ஜின் ஓடும் சத்தத்தை ரோட்டிலிருந்தே கேட்டுவிட்டு, "பம்ப் முனகுது" என்றார். கிளீனர் பையன் டீசல் டேங்க் ஒழுகினால் வைக்கும் துணி சோப்போடு வந்து நின்றான். டேங்கில் சோப்பு நிற்கும், அங்கே அழுத்தம் கிடையாது. லாரி டயரில் அடிக்கும் காற்று 120 பவுண்டு. ஸ்டேரிங்கை முழுக்க ஒடிக்கும்போது அந்த ஓசுக்குள் ஓடுவது 2,000 பவுண்டுக்கு மேல். சோப்பு கேரளா எல்லையில் போய்த்தான் விழும்.

மாப்பிள்ளை ஒரு பாட்டிலோடு வந்து சேர்ந்தான். "மாமா, இத டப்பாவுல ஊத்தினாப் போதும். ஒழுகறது தானா நின்னுபோகுமாம். கடைக்காரர் கேரண்டி."

"எப்படி நிக்கும்?"

"ரப்பரை வீங்க வெக்குமாம்."

வீங்கின ரப்பர் பிறகு என்ன ஆகும் என்று கேட்டேன். அந்தக் கேரண்டி கடைக்காரர் தரவில்லை.

கடைசியில் பைபாஸ் ஓரம் புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரியிடம் போனோம். அவர் வேலையில் கெட்டிக்காரர்தான், பேசுவதில் கஞ்சர் என்பதால் அங்கே கூட்டம் குறைவு. வந்தார், அடியில் டார்ச் அடித்தார், எழுந்தார்.

"கழுவிட்டு வாங்க."

"பாக்ஸ எறக்கணும்ங்கறாங்களே?"

"கழுவிட்டு வாங்க வாத்தியாரே. மாசக்கணக்கா எண்ணெயும் மண்ணும் சேந்து கெடக்குது. எல்லா எடமும் நனைஞ்சிருந்தா எந்த எடம் ஒழுகுதுன்னு அந்த ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாது."

அதோடு இன்னொன்றும் சொன்னார். சொட்டு விழும் இடத்தைப் பார்க்கக் கூடாது. ஈரம் ஆரம்பிக்கும் மேல் இடத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் கீழேதான் இறங்கும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்பக்கமும் இழுத்துப் போகும். எந்த ஓரத்தில் வந்து இனி ஓட வழியில்லையோ, அங்கே சொட்டும். குற்றம் நடந்தது ஓரிடம், ஆள் பிடிபட்டது வேறிடம்.

வாட்டர் சர்வீஸ் செய்து, காற்றடித்துக் காயவைத்து, மறுநாள் கொண்டுபோனோம். முகப் பவுடர் டப்பா ஒன்றும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எடுக்கும்போது வீட்டில் பிடிபட்டேன்.

"பவுடர எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"வண்டிக்கு."

"ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சீங்க, மாலை போட்டீங்க, பட்டுத் துணி கட்டினீங்க. இப்பப் பவுடர் வேறயா? பொண்ணுக்குக்கூட இவ்வளவு செய்யல நீங்க."

மேஸ்திரி டப்பாவைத் தட்டித் தட்டி ஓஸ் முனைகளில், பாக்ஸ் மூடியில், டிராப் ஆர்ம் வாயில், பம்ப் சேரும் இடத்தில் எல்லாம் பூசினார். வாசனையோடு ஒரு லாரி. டிரைவர் ஏறி இன்ஜினை ஓடவிட்டார்.

"லெஃப்ட்ல புல்லா ஒடி. புடிச்சுட்டே நிக்காத, விடு. இப்ப ரைட்ல."

முழுக்க ஒடித்த நிலையில் பிடித்துக்கொண்டே நின்றால் எண்ணெய் போக வழியில்லாமல் ரிலீஃப் வால்வில் முட்டிச் சூடேறும். ஐந்து விநாடி போதும், அதற்கு மேல் பம்புக்குக் கேடு. கிளீனர் பையன் ஆர்வத்தில் ஓசைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினான். மேஸ்திரி மணிக்கட்டில் ஒன்று வைத்தார். அவர் அன்று பேசியதிலேயே நீளமான பேச்சு அப்போதுதான் வந்தது. அந்த அழுத்தத்தில் ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தின மாதிரிகூடத் தெரியாது. உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் விரலே போகும். "ஓடற வண்டியில ஓசப் பாக்கணும்னா அட்டையை நீட்டிப் பாரு. அட்டை போனாப் போகுது."

வெள்ளைப் பவுடரில் சிவப்பு எழுந்தது. டிராப் ஆர்மில் இல்லை. அங்கே பவுடர் அப்படியே இருந்தது. மேலே, பாக்சின் தலையில் பிரஷர் ஓஸ் வந்து சேரும் பேஞ்ஜோ போல்ட்டில் மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று தோன்றியது. ஸ்டேரிங்கை ஒடித்தபோதெல்லாம் வளையம் தடித்தது. பிறகு ஒரு கோடாக இறங்கி, பாக்சின் இடுப்பைச் சுற்றி, பக்கவாட்டு மூடியின் ஓரமாகவே நடந்து, கீழே போய் டிராப் ஆர்ம் நட்டில் சேர்ந்தது. அங்கே வந்துதான் சொட்டாகி என் வேட்டியில் விழுந்திருக்கிறது.

போல்ட்டைக் கழற்றினார். அதன் இருபக்கமும் செம்பு வாஷர் இருக்க வேண்டும். இருந்தன, தேய்ந்து, நசுங்கி, ஒரு பக்கம் மட்டும் மெலிந்து. அதற்கு மேல் மரை முழுக்கக் குழாய்க்காரர் சுற்றும் வெள்ளை டேப். வழியில் எங்கோ ஒரு பட்டறையில் ஓசைக் கழற்றிவிட்டுப் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். எங்கே என்று கேட்டோம். டிரைவர் தேச ஒற்றுமை கருதி மாநிலத்தின் பேரைச் சொல்லவில்லை.

செம்பு வாஷர் ஒருமுறை அழுந்தி இறுகிவிட்டால் மறுபடி முகத்தோடு முகம் பொருந்தாது. புதுசுதான் போட வேண்டும். நடுக்காட்டில் புதுசு இல்லையென்றால் பழசை அடுப்பில் செக்கச்செவேலென்று காய்ச்சி ஆறவைத்தால் மறுபடி இளகும். அவசரத்துக்கு ஆகும் என்று மேஸ்திரி கிளீனருக்குச் சொல்லிக்கொடுத்தார். டேப்தான் அவரை உண்மையில் கோபப்படுத்தியது. அதன் துணுக்கு ஒன்று பிய்ந்து உள்ளே போய் வால்வில் மாட்டினால் வாஷர் விலையில் தொடங்கிய வேலை பாக்ஸ் விலையில் முடியும். குச்சி வைத்துக் கிளறிக் கிளறி எல்லாத் துணுக்கையும் எடுத்தார். மாப்பிள்ளை தன் பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். ரப்பரை வீங்க வைக்கலாம், செம்பு வீங்காது.

வண்டி லைனுக்குப் போனது. திரும்பி வந்து செட்டில் நின்றபோது குனிபவர்கள் வழக்கம்போலக் குனிந்தார்கள். தரை காய்ந்து கிடந்தது. அவ்வளவு பேர் முகத்தில் ஒரே நேரத்தில் ஏமாற்றத்தை நான் தேர்தல் முடிவன்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

டிரைவர் இறங்கி வந்தார். "ஒண்ணும் பயப்பட வேண்டாமுங்க வாத்தியாரே."

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"டப்பாவுல ஆயில் கொறையுதுங்க."

ஒழுகல் தெரிந்தால் வண்டிக்கு ஒரு நோய். ஒழுகாமலே எண்ணெய் குறைந்தால் ஊருக்கே நோய். ஆவியாகப் போகிறது என்றார் ஒருவர். வெயிலுக்கு உள்ளேயே காய்ந்துவிடும் என்றார் இன்னொருவர். மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டிரைவர் எண்ணெய் வாங்கியதாகச் சொல்லிக் காசை எழுதிவிடுகிறாரோ என்றான். காலி டப்பாக்களைச் சீட்டுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தார் அவர். அந்தச் சந்தேகம் எங்களுக்கு வரும் என்று அனுபவத்தில் தெரிந்தவர்.

என் தொழில் சம்பந்தப்பட்ட இடம் வந்துவிட்டது. எண்ணெய் எரியவில்லை, சொட்டவில்லை, எங்கும் ஈரம் இல்லை. அப்படியானால் ஒரு பாத்திரத்தில் குறைந்தது இன்னொரு பாத்திரத்தில் கூடியிருக்க வேண்டும். ஆறாம் வகுப்புக் கணக்கு இது. எந்தப் பாத்திரம் என்பதுதான் தெரியவில்லை. மேஸ்திரியிடம் இதையே சொன்னேன். அவர் என்னை முதல்முறையாக மனிதனாகப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் திரும்பினார்.

"இன்ஜின் ஆயில் எவ்வளவு குடிக்குது?"

டிரைவர் நெஞ்சை நிமிர்த்தினார். அவருக்குப் பெருமையான விஷயம் அது. செட்டில் இருக்கும் எல்லா டிரைவரிடமும் சொல்லியிருக்கிறார். "ஒரு சொட்டுக் குடிக்காதுங்க மேஸ்திரி. சர்வீஸ் பண்ணினதுக்கு அப்பறம் ஒரு சொட்டு ஊத்தல. சொல்லப்போனா கொஞ்சம் ஏறித்தான் இருக்குது."

மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

டிப் ஸ்டிக்கை உருவினார். மேல் கோட்டையும் தாண்டி நின்றது. விரலில் தொட்டுத் தேய்த்தார். இருக்க வேண்டிய பிசுபிசுப்பு இல்லாமல் தண்ணியாக வழுக்கியது. இத்தனை மாதமாக ஸ்டேரிங் எண்ணெயைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது, ஒரு சொட்டும் குடிக்காத அந்த இன்ஜின்.

எப்படி என்றால், கார்களில் பல காலம் இந்தப் பம்ப் வெளியே தொங்கியது, பெல்ட்டில் சுற்றியது. லாரிகளில் பெரும்பாலும் பம்ப் இன்ஜினோடு ஒட்டிப் பூட்டியிருக்கும். உள்ளே இருக்கும் பல்சக்கரம் அதைச் சுற்றும். நடுவில் ஓடும் ஷாஃப்ட்டில் இருப்பது இரண்டு எண்ணெய்களுக்கு இடையே ஒரு சீல். பல பம்புகளில் இரண்டு சீலை முதுகோடு முதுகாக வைத்திருப்பார்கள்; ஒன்று இந்தப் பக்கத்து எண்ணெயைக் காக்கும், மற்றது அந்தப் பக்கத்து எண்ணெயை. சீல் தேய்ந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது. எல்லாம் நேராக இன்ஜினுக்குள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வண்டி ஊரிலேயே நல்ல வண்டியாகத் தெரியும். ஸ்டேரிங் டப்பாவைப் பார்ப்பவன் டிப் ஸ்டிக்கைப் பார்க்க மாட்டான், டிப் ஸ்டிக்கைப் பார்ப்பவன் குறைந்தால்தான் கவலைப்படுவான், கூடினால் சந்தோஷப்படுவான். கூடினால் ஏன் என்று கேட்கும் பழக்கம் வங்கிக் கணக்கிலேயே நமக்கு இல்லை. இப்படியே இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருந்தால் மெலிந்த எண்ணெயில் பேரிங் தேய்ந்து கிராங்க் வரைக்கும் போயிருக்கும்.

முன்பு ரோட்டிலிருந்தே "பம்ப் முனகுது" என்று சொன்னவர் இப்போது ஊர் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும். முனகியது எண்ணெய் குறைந்து காற்று இழுத்ததால் என்று மேஸ்திரி சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பம்பைக் கழற்றும் நாள் என் அப்பாவும் பட்டறைக்கு வந்தார். பவர் ஸ்டேரிங் என்ற பேரையே கேள்விப்படாத எழுபதுகளில் ஃபார்கோ லாரி ஓட்டியவர். அவருடைய வலது கட்டை விரல் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அந்தக் காலத்து ஸ்டேரிங், முன் சக்கரம் குழியில் விழுந்தால் வெடுக்கென்று தானே சுழலும். கட்டை விரலை வளையத்துக்கு உள்ளே விட்டுப் பிடித்திருந்தால் கம்பி வந்து அடிக்கும். ஒருமுறை அடிபட்டவன் ஆயுசுக்கும் விரலை வெளியேதான் வைப்பான். அப்பா இன்றைக்கும் நடை வண்டியையே விரலை வெளியே விட்டுத்தான் பிடிக்கிறார். எண்ணெய் வந்த பிறகு அந்த அடியை எண்ணெயே வாங்கிக்கொள்கிறது.

"பவர் ஸ்டேரிங் சொகுசுக்கு வந்ததில்லீங்கப்பா" என்றேன். அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ என்ற கம்பெனியின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர் ஃப்ரான்சிஸ் டேவிஸ். கனமான வண்டிகளைத் திருப்ப ஆட்கள் படும் பாட்டைப் பார்த்து, வேலையை விட்டு வந்து, 1926-இல் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டேரிங்கைச் செய்து காட்டினார். கார் கம்பெனிகள் செலவு கட்டாது என்று இழுத்தடித்தன. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்குப் போனது. கடைக்குப் போய் வாங்கும் காரில் வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். கால் நூற்றாண்டு காத்திருந்த மனிதர்.

அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அவன் லோடு ஏத்திட்டுத் தொப்பூர்ல எறங்கியிருக்கானா?"

"இல்லைங்க."

"அப்பறம் என்ன?"

பம்பைப் பிரித்தார் மேஸ்திரி. ஷாஃப்ட்டில் சீல் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு மெல்லிய பள்ளக் கோடு, நகத்தை வைத்தால் தட்டியது. டப்பாவுக்குள் இருக்கும் ஃபில்டரை யாரும் மாற்றியதே இல்லை; அழுக்கு சுற்றிச் சுற்றி வந்து அந்த இடத்தை அரைத்திருக்கிறது. பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டில் புது சீலைப் பழைய இடத்திலேயே அடித்தால் புது சீலும் ஒழுகும். கோடு ஆழமாக இருந்தால் ஷாஃப்ட்டை மாற்றியே ஆக வேண்டும். எங்களுடையது லேசானது, சீலை ஒரு நூல் உள்ளே தள்ளி உட்காரவைத்தார், உதடு தேயாத இடத்தில் படும்படி. அடிக்குமுன் உதட்டில் எண்ணெய் தடவினார். எந்த உதடு எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டார். திருப்பி அடித்துவிட்டு இரவெல்லாம் தேடியவர்களை அவருக்குத் தெரியுமாம். ஆள் பேர் சொல்லவில்லை. ஃபில்டர் புதுசு. டப்பா கழுவியாயிற்று. இன்ஜின் ஆயிலை முழுக்க இறக்கி, அதன் ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும் என்றபோது மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். பெரிய கேன் ஒன்று புதுசாக உள்ளே போனது. டிரைவர் முகத்தில்தான் அதிகத் துக்கம். சொட்டுக் குடிக்காத இன்ஜின் என்ற பட்டத்தை இனி யாரிடமும் சொல்ல முடியாதே.

கடைசி வேலை காற்று எடுப்பது. முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைத் தரை தொடாமல் நிறுத்தினார்கள். இன்ஜினை ஓடவிடாமலே டப்பா நிறையச் சிவப்பு எண்ணெய் ஊற்றி, ஸ்டேரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் காற்று குமிழியாக டப்பாவுக்கு வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். பிறகுதான் இன்ஜின், அதுவும் ஐடிலில். டப்பாவைத் திறந்து பார்த்தால் காற்றுக் கலந்த எண்ணெய் நுரைத்து, அசல் ரோஸ்மில்க் நிறத்தில் நின்றது. கிளீனர் பையன் நாக்கைச் சப்புக்கொட்டினான். அந்த நிறம் போய்த் தெளிந்த சிவப்பு வரும்வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

டிரைவர் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் அப்பா ஏறிவிட்டார். எழுபத்தைந்து வயசில் லாரிப் படி ஏறியதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து, கட்டை விரலை வெளியே வைத்து, பழைய பலத்தோடு ஓர் இழுப்பு இழுத்தார். ஸ்டேரிங் கோடிவரை சுழன்று போனது. அப்பா ஒரு கணம் திகைத்தார். பிறகு ஒற்றை விரலால் திருப்பினார். இடது கோடி. வலது கோடி. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"ஏன் மாப்ள, இத ஓட்டறதுக்குச் சம்பளம் போகப் படி வேற குடுக்கறீங்களா?"

டிரைவருக்குப் புரை ஏறிவிட்டது. "ஐயா, வண்டி ஜாக்கில நிக்குதுங்க. லோடோட தரையில வெச்சுத் திருப்பிப் பாருங்க, அப்பத் தெரியும்."

"ஃபார்கோவுல நாங்க ஜாக்கில நின்னாலும் எந்திரிச்சு நின்னுதான் திருப்புவோம்."

"ஐயா எறங்குங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் மேஸ்திரி டப்பாவைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "குமிழி நல்லா வருது. அப்படியே திருப்பிட்டே இருங்க ஐயா. கோடியில புடிச்சுட்டு மட்டும் நிக்காதீங்க."

அப்பா நிற்காமல் திருப்பினார். எண்ணெய் தெளிந்து, முனகல் அடங்கிய பிறகும் திருப்பினார். இறக்குவதற்கு இன்னொரு டீ சொல்ல வேண்டியிருந்தது.

பில் வந்தது. சீல் கிட், செம்பு வாஷர், இரண்டு ஃபில்டர், எண்ணெய், பம்ப் பிரித்துக் கோத்த கூலி. கடைசி வரியில், 'காத்து எடுத்த கூலி'. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியில் விரலை வைத்தார்.

"காத்து எடுத்தது நான். இத அடிங்க."

மேஸ்திரி மறுபேச்சு இல்லாமல் பேனாவை எடுத்து அடித்தார். அடித்துவிட்டு அதற்குக் கீழே, 'ஜாக்கி வெச்ச கூலி' என்று எழுதி அதே தொகையைப் போட்டார்.